தாத்தாவின் தகரப் பெட்டியில் பழைய தபால்தலைகளா? உறையிலிருந்து கழற்றும் முன் கவனிக்க வேண்டியவை

தோட்டம் மூடப்பட்டு லயத்து வீட்டைக் காலி செய்யும்போதும், பட்டணத்தில் பெரியவர் ஒருவர் காலமாகி அவரது அறையைச் சுத்தம் செய்யும்போதும் முதலில் குப்பைக்குப் போவது பழைய காகிதங்கள்தான். தகரப் பெட்டியின் அடியில் கிடக்கும் கடித உறைகள், மணியார்டர் ரசீதுகள், பிஸ்கட் டின்னில் போட்டு வைத்த தபால்தலைகள் ஆகியவற்றின் அருமை பல வீடுகளில் தெரிவதில்லை. சிலர் அப்படியே எரித்துவிடுகிறார்கள். வேறு சிலர் பெரும் பணம் கிடைக்கும் என்று நம்பி, தபால்தலையை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு உறையைத் தூக்கி எறிகிறார்கள்.

இரண்டுமே இழப்புதான். ஒரு தபால்தலை எந்த ஆட்சியில், ஏறக்குறைய எந்த ஆண்டில் வெளிவந்தது என்பதை அதுவே சொல்லிவிடும். ஆனால் அது யாருக்கு, எந்தத் தோட்டத்துக்கு, எந்த ஊரிலிருந்து வந்தது என்பதை உறைதான் சொல்லும். மலாயாவுக்கு வந்த நம் முன்னோரில் பலர் தங்கள் வரலாற்றை எழுதி வைக்கவில்லை. அவர்கள் விட்டுச் சென்ற எழுத்துச் சான்று இந்தக் கடிதங்களாகவே இருக்கக்கூடும்.

பெயர், முகம், காசு

ஒரு தபால்தலையை அடையாளம் காணப் பூதக்கண்ணாடிகூட முதலில் தேவையில்லை. மூன்றைப் பார்த்தால் போதும்: அதில் எழுதியுள்ள நாட்டின் பெயர், அதில் உள்ள முகம், அதில் போட்டுள்ள காசு.

நாட்டின் பெயரே இல்லாமல் அரசர் அல்லது அரசியின் தலை மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் பிரிட்டனின் தபால்தலை. 1840-இல் உலகின் முதல் தபால்தலையை வெளியிட்ட நாடு என்பதால், பெயர் போடாத வழக்கம் அங்கே இன்றும் தொடர்கிறது.

முகத்தை வைத்துக் காலத்தைக் கணக்கிடலாம். விக்டோரியா மகாராணி 1901 வரை ஆண்டார். அவருக்குப் பின் வந்த இருவரும் தாடி வைத்தவர்கள். தலையில் முடி குறைந்தவர் ஏழாம் எட்வர்ட் (1901–1910). அடுத்தவர் ஐந்தாம் ஜார்ஜ் (1910–1936). தாடி மீசை இல்லாமல் மழித்த முகத்துடன் இருப்பவர் ஆறாம் ஜார்ஜ் (1936–1952). அதன் பின் எலிசபெத் ராணி. தாத்தா எந்த ராஜா காலத்தில் கப்பலேறினார் என்று வீட்டில் பேசிக்கொள்வதற்கும் இதற்கும் பொருத்தம் பார்க்கலாம்.

மூன்றாவது, காசு. அணா என்றிருந்தால் இந்தியாவாக இருக்கலாம். சென்ட் என்றிருந்தால் மலாயா, சிங்கப்பூர், இலங்கை ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். இலங்கையில் ரூபாயும் சதமும் புழங்கின. மலாயாவில் வெள்ளியும் காசும் புழங்கின.

இந்தியத் தபால்தலையில் தொடங்கிய கதை

மலாயாவின் தபால் வரலாறு இந்தியாவில்தான் தொடங்குகிறது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றப் பகுதி, அதாவது ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ், 1867 வரை கல்கத்தாவிலிருந்து நிர்வகிக்கப்பட்டது. அதனால் 1854 முதல் இங்கே ஒட்டப்பட்டவை விக்டோரியா தலை போட்ட இந்தியத் தபால்தலைகளே.

அப்படியானால், இந்தியாவில் ஒட்டியதையும் இங்கே ஒட்டியதையும் எப்படிப் பிரித்தறிவது? தபால் முத்திரைதான் வழி. ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஓர் எண் இருந்தது. 'பி' எழுத்துடன் 172 என்றிருந்தால் சிங்கப்பூர், 147 என்றிருந்தால் பினாங்கு, 109 என்றிருந்தால் மலாக்கா. சாதாரண இந்தியத் தபால்தலை என்று ஒதுக்கி வைத்த ஒன்றில் இந்த எண் தெரிந்தால் அது மலாயாவின் தபால்தலையாகவே கருதப்படும்.

1867 ஏப்ரல் 1-ஆம் தேதி இந்தப் பகுதி இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்து, லண்டனின் நேரடிக் காலனியானது. கணக்கு அணாவிலிருந்து சென்டுக்கு மாறியது. புதிய தபால்தலைகள் லண்டனிலிருந்து வந்து சேரும்வரை காத்திருக்க முடியாது. ஆகவே அதே ஆண்டு செப்டம்பரில், இந்தியத் தபால்தலைகளின் மேல் ஒரு கிரீடத்தையும் சென்ட் மதிப்பையும் அச்சடித்து விற்றார்கள். ஒன்றரை சென்ட் முதல் 32 சென்ட் வரை ஒன்பது மதிப்புகள் வந்தன. ஏற்கெனவே அச்சான தபால்தலையின் மேல் இப்படி மறுபடி அச்சடிப்பதை மேலச்சு என்பார்கள். மலாயாவின் தபால்தலைகளைப் புரிந்துகொள்ள இந்த ஒரு சொல்லே பாதி வழி. ஆட்சி மாறிய போதெல்லாம் இங்கே முதலில் வந்தது மேலச்சுதான்.

புலி பாய்ந்த காலம்

மலாய் மாநிலங்களிலும் முதலில் நடந்தது இதுவே. நீரிணைப் பகுதியின் தபால்தலைகளில் பேராக், சிலாங்கூர், சுங்கை ஊஜோங் என்ற பெயர்களை அச்சடித்துப் பயன்படுத்தினார்கள். சுங்கை ஊஜோங் என்பது இன்றைய சிரம்பான் வட்டாரம். 1895-இல் அது நெகிரி செம்பிலானுடன் இணைக்கப்பட்டது. அந்தப் பெயர் போட்ட தபால்தலை கையில் இருந்தால், தனி நிர்வாகமாக இருந்து மறைந்துபோன ஒரு மாநிலத்தின் சான்று கையில் இருக்கிறது என்று பொருள்.

1891 முதல் பாயும் புலி வந்தது. பின்னர் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் 1896-இல் இணைக்கப்பட்ட மலாய் மாநிலங்கள் ஆனபோது, 1900-ஆம் ஆண்டு தொடங்கி நான்குக்கும் பொதுவான தபால்தலைகள் வெளிவந்தன. சென்ட் மதிப்புகளில் பாயும் புலியும், வெள்ளி மதிப்புகளில் யானைகளும் இருக்கும். ரப்பர் தோட்டங்கள் பெருகிய காலமும், கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்த காலமும் இதுதான். தோட்டத்துக் குடும்பங்களின் பெட்டியில் புலித் தபால்தலை கிடைப்பது அதனால் வியப்பல்ல. புலி இருந்து, ஆங்கிலத்தில் இணைக்கப்பட்ட மலாய் மாநிலங்கள் என்றும் எழுதியிருந்தால் அது 1900-க்கும் 1935-க்கும் இடைப்பட்டது.

1935-இல் நான்கு மாநிலங்களும் மறுபடி தனித்தனித் தபால்தலை வெளியிட்டன. பேராக், பகாங் தபால்தலைகளில் சுல்தான் படம் வந்தது. ஜொகூர், கெடா, கிளந்தான், திரெங்கானு ஆகியவை இந்த நான்கில் சேராதவை. அவற்றுக்கு முன்பே தனித் தபால்தலைகள் இருந்தன. கெடா 1912-இல் வெளியிட்ட முதல் வரிசையில் நெற்கதிர்க் கட்டைப் போட்டது. நாட்டின் நெற்களஞ்சியம் என்று இன்றும் அழைக்கப்படும் மாநிலத்துக்குப் பொருத்தமான படம் அது.

ஜப்பான்காரன் காலம்

பெரியவர்கள் ஜப்பான்காரன் காலம் என்று சொல்லும் மூன்றரை ஆண்டுகள் தபால்தலைகளில் ஆழமாகப் பதிந்துள்ளன. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. தபால் நிலையங்களில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலையும் சுல்தான்களின் படமும் போட்ட தபால்தலைகள் மிச்சம் இருந்தன. ஜப்பானியர் அவற்றை வீணாக்கவில்லை. முதலில் கையால் சதுர முத்திரை குத்தினார்கள். பிறகு எழுத்துகளை மேலச்சாக அடித்தார்கள்.

அவற்றில் 2602 என்ற எண்ணைக் கண்டு பலர் குழம்புவதுண்டு. அது ஜப்பானியப் பேரரசு ஆண்டுக் கணக்கு. அதில் 660-ஐக் கழித்தால் நம் ஆண்டு வரும். ஆகவே 2602 என்பது 1942. டாய் நிப்பான் என்ற சொல்லும் இந்த எண்ணும் சேர்ந்திருந்தால் ஐயமே இல்லை. சிலவற்றில் ஜப்பானிய எழுத்துகள் மட்டும் மேலிருந்து கீழாக இருக்கும்.

1943-இல் ஜப்பானியர் மலாயாவுக்கென்றே புதிய படங்களுடன் ஒரு வரிசை வெளியிட்டார்கள். அதில் பால்மரம் சீவும் காட்சியும் உண்டு, ஈயம் தோண்டும் மிதவை இயந்திரமும் உண்டு. தபால்தலையில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த அதே ஆண்டில்தான், தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சயாம் மரண ரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டார்கள். போனவர்களில் பெரும் பகுதியினர் திரும்பவில்லை. இந்தக் காலத்துத் தபால்தலையோ வாழைமர நோட்டோ வீட்டில் இருந்தால், அதை வைத்திருந்தவர் அப்போது எங்கே இருந்தார் என்று உயிரோடிருக்கும் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைப்பது நல்லது.

வடக்கு மாநிலங்களில் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1943 அக்டோபரில் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு நான்கையும் ஜப்பான் தாய்லாந்திடம் ஒப்படைத்தது. 1944-இல் தாய் எழுத்துகளும் போர் நினைவுச் சின்னமும் கொண்ட தபால்தலைகள் அங்கே புழங்கின. சுங்கைப்பட்டாணி, கூலிம் பக்கத்துக் குடும்பங்களின் பெட்டியில் தாய் எழுத்துத் தபால்தலை கிடந்தால், யாரோ பாங்காக் போய் வந்தார்கள் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை.

நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களின் வீடுகளில் ஆசாத் ஹிந்த் என்று எழுதிய தபால்தலைகளும் இருக்கலாம். அவை ஜெர்மனியில் அச்சிடப்பட்டவை. உழவர், நூற்கும் பெண், செவிலியர், படைவீரர் ஆகிய படங்கள் அவற்றில் உண்டு. சுதந்திர இந்தியாவில் புழங்க வேண்டும் என்று தயாரிக்கப்பட்ட அவை கடைசிவரை தபாலில் பயன்படவே இல்லை. அதனால் மலாயாவில் தபால் முத்திரை குத்தப்பட்ட ஆசாத் ஹிந்த் தபால்தலை என்று யாராவது விற்க வந்தால் சந்தேகப்பட வேண்டும்.

பி.எம்.ஏ. முதல் மெர்டேக்கா வரை

போர் முடிந்ததும் வழக்கம்போல் மேலச்சு வந்தது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் பொறுப்பேற்றது. பழைய நீரிணைப் பகுதித் தபால்தலைகளில் 'பி.எம்.ஏ. மலாயா' என்று அச்சடித்து விற்றார்கள். ராணுவ நிர்வாகம் 1946 மார்ச்சில் முடிந்த பிறகும் அந்தத் தபால்தலைகள் சில காலம் புழங்கின. இவை மிக அதிகமாக அச்சானவை. பெரும்பாலானவற்றுக்குப் பெரிய விலை கிடையாது.

1948 முதல் பினாங்கும் மலாக்காவும் மாநிலங்களைப் போலத் தனித் தபால்தலை வெளியிட்டன. சிங்கப்பூரும் அதே ஆண்டு தன் பெயரில் தபால்தலை வெளியிடத் தொடங்கியது. 1957-இல் மலாயாக் கூட்டரசின் முதல் தபால்தலைகள் வெளிவந்தன. அவற்றிலும் பால்மரம் சீவும் படம் உண்டு. ஆகஸ்டு 31-ஆம் தேதி வெளியான மெர்டேக்கா தபால்தலையில் துங்கு அப்துல் ரஹ்மான் இருக்கிறார். அந்தக் காலத்து மாநிலத் தபால்தலைகளில் கொப்பரை, அன்னாசி, நெல்வயல், கிழக்குக் கரை ரயில், புலி ஆகியவற்றைக் காணலாம். 1965-இல் ஆர்க்கிட் பூக்களும் 1971-இல் பட்டாம்பூச்சிகளும் வந்தன. பள்ளிப் பருவத்தில் தபால்தலை சேர்த்த பலருடைய ஏட்டில் அதிகம் இருப்பவை இந்த மூன்று வரிசைகள்தான்.

ஊரிலிருந்து வந்த கடிதங்கள்

தமிழர் வீட்டுப் பெட்டிகளில் மலாயாத் தபால்தலையைவிட இந்தியத் தபால்தலை அதிகம் இருப்பது இயல்பு. நாகப்பட்டினம், திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து வந்த கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து லயத்துக்குப் போனவை. தேதி அழிந்துபோன உறையின் காலத்தையும் தபால்தலை காட்டிக் கொடுக்கும்.

ஜார்ஜ் மன்னரின் தலையும் அணாவும் இருந்தால் அது சுதந்திரத்துக்கு முன் அச்சானது. மூவண்ணக் கொடியும் ஜெய்ஹிந்தும் உள்ள மூன்றரை அணாத் தபால்தலை 1947 நவம்பரில் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் தபால்தலை அதுதான். 1948 ஆகஸ்டு 15-இல் காந்தியடிகளுக்கு நான்கு தபால்தலைகள் வெளியாயின. ஒன்றரை அணா, மூன்றரை அணா, 12 அணா, 10 ரூபாய். இவற்றில் 10 ரூபாய்த் தபால்தலைக்கே நல்ல விலை உண்டு. அதனால் போலியும் உண்டு.

அணா 1957 மார்ச்சுடன் முடிந்தது. ஏப்ரல் 1 முதல் நயா பைசா வந்தது. 1964-இல் நயா என்ற சொல் நீங்கி வெறும் பைசா ஆனது. ஆக, நயா பைசாத் தபால்தலை ஒட்டிய கடிதம் என்றால் மலாயா சுதந்திரம் பெற்ற காலத்தையும் மலேசியா உருவான காலத்தையும் ஒட்டி எழுதப்பட்டது என்று கொள்ளலாம்.

உறையின் ஓரத்தில் தணிக்கை அதிகாரி பிரித்துப் பார்த்ததாக அச்சிட்ட சீட்டு ஒட்டியிருந்தால் அது போர்க்காலக் கடிதம். அந்தச் சீட்டைப் பிய்க்கக் கூடாது. சேகரிப்பாளர்கள் அதற்காகவே அந்த உறையைத் தேடுவார்கள்.

தபாலா, வரியா?

தபால்தலை போலவே தோன்றும் வருவாய் முத்திரைத்தலைகளும் பெட்டியில் கலந்திருக்கும். ரசீது, பத்திரம், ஒப்பந்தம் ஆகியவற்றில் ஒட்டப்பட்டவை அவை. மலாயாவின் பல தபால்தலைகள் தபாலுக்கும் வருவாய்க்கும் பொதுவானவை. வட்டமான தபால் முத்திரை இருந்தால் கடிதத்தில் ஒட்டியது. பேனாவால் கையெழுத்தோ கோடோ போட்டிருந்தால் பெரும்பாலும் பத்திரத்தில் ஒட்டியது. பேனா பட்ட தபால்தலைக்குச் சந்தையில் மதிப்புக் குறைவு. ஆனால் அது ஒட்டிய பத்திரம் முழுதாக இருந்தால், குடும்ப வரலாற்றுக்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

ஒரே படம், வேறு தபால்தலை

பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு தபால்தலைகளின் விலை வெகுவாக மாறுபடலாம். காரணம் இரண்டு.

ஒன்று நீர்க்குறி. காகிதம் தயாராகும்போதே அதில் பதியும் மங்கலான அடையாளம் இது. தபால்தலையைக் கறுப்புத் தட்டில் முகம் கீழாக வைத்தாலோ வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாலோ ஓரளவு தெரியும். 1867-இல் கிரீட மேலச்சு அடிக்கப்பட்ட இந்தியத் தபால்தலைகளில் யானைத் தலை நீர்க்குறி இருக்கும். நீரிணைப் பகுதியின் பழைய தபால்தலைகளில் கிரீடத்துடன் 'சி.சி.' என்ற எழுத்துகளும், 1880-களிலிருந்து 'சி.ஏ.' என்ற எழுத்துகளும் இருக்கும். 1921-க்குப் பிறகு அந்த எழுத்துகள் கையெழுத்துப் போல வளைந்து வரும். ஐந்தாம் ஜார்ஜின் ஒரே படம் போட்ட தபால்தலை 1921-க்கு முன்பா பின்பா என்பதை இதை வைத்தே சொல்கிறார்கள்.

மற்றது ஓரத்துப் பல். இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குள் எத்தனை துளைகள் என்பதே கணக்கு. 1948-இல் தொடங்கிய சிங்கப்பூர் வரிசையில் ஒரே தபால்தலை 14 துளைக் கணக்கிலும், அதைவிட நெருக்கமான 17½-க்கு 18 என்ற கணக்கிலும் உண்டு. பல் ஒன்று உடைந்தாலும் விலை குறையும். அதனால்தான் சேகரிப்பாளர்கள் விரலால் தொடாமல் இடுக்கியால் எடுக்கிறார்கள்.

செய்யக் கூடாதவை

உறையோடு இருக்கும் தபால்தலையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றக் கூடாது. கத்தரிக்கவும் கூடாது. உறையில் உள்ள தபால் முத்திரை, முகவரி, தேதி மூன்றும் சேர்ந்தே அதற்கு மதிப்பு. சிறிய ஊர்களின் தபால் முத்திரைக்கென்றே சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். இன்று வழக்கில் இல்லாத பெயர்களையும் முத்திரையில் காணலாம். தெலுக் அன்சன் இன்றைய தெலுக் இந்தான். போர்ட் சுவெட்டன்ஹாம் இன்றைய போர்ட் கிள்ளான். புரோவின்ஸ் வெல்லஸ்லி இன்றைய செபராங் பிறை. முகவரியில் உள்ள தோட்டத்தின் பெயரும் இப்படித்தான். அந்தத் தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதியாகவோ செம்பனைக் காடாகவோ மாறியிருக்கலாம்.

ஒட்டும் நாடா போடுவதும், பிளாஸ்டிக் பூசுவதும், பசையுள்ள புகைப்பட ஏட்டில் ஒட்டுவதும் தபால்தலையைக் கெடுக்கும். நம் நாட்டின் ஈரக்காற்றுக்கு இன்னொரு எச்சரிக்கை: முத்திரை குத்தாத தபால்தலையின் பின்புறப் பசை ஈரம் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் வைத்தால் பூஞ்சணமும் பூச்சியும் அண்டாது.

விலை எவ்வளவு?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நேர்மையான பதில், பெரும்பாலானவை சில காசுகளே பெறும் என்பதுதான். பழையது என்பதாலேயே ஒரு தபால்தலை அரியதாகிவிடாது. எத்தனை அச்சாயின, எத்தனை மிஞ்சின, எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பவையே விலையை முடிவு செய்யும். இணையத்தில் ஒருவர் ஆயிரக்கணக்கில் விலை கேட்பதை வைத்துக் கனவு காண வேண்டியதில்லை. கேட்ட விலை வேறு, விற்ற விலை வேறு.

அனுபவசாலி ஒருவரிடம் காட்டாமல் கொடுத்துவிடக் கூடாதவை சில உண்டு. 1867-இன் கிரீட மேலச்சு, சுங்கை ஊஜோங் பெயர் போட்டவை, 1942 முதல் 1945 வரையிலான முழு உறைகள், தலைகீழாக அச்சான மேலச்சு ஆகியவை அவை. ஜப்பானிய மேலச்சுகளில் போலி மிகுதி. முத்திரையை யாரும் பின்னாளில் குத்திவிட முடியும் என்பதால், வல்லுநர் சான்றில்லாமல் அவற்றை அதிக விலைக்கு வாங்கவும் கூடாது. தபால்தலைகளுக்கான ஸ்டான்லி கிப்பன்ஸ் விலைப்பட்டியல் அடையாளம் காண உதவும். ஆனால் அதில் உள்ளது கடைக்காரர் விற்கும் விலை. வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கொடுப்பவருக்கு அந்த விலை கிடைக்காது.

முதலில் செய்ய வேண்டியது

பெட்டி கிடைத்ததும் எதையும் பிரிக்காமல், இருக்கும் வரிசையிலேயே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். பிறகு ஒரு நோட்டில் ஒவ்வோர் உறைக்கும் அனுப்பியவர், பெற்றவர், ஊர், தோட்டம், முத்திரைத் தேதி ஆகியவற்றை எழுதலாம். வீட்டுப் பெரியவரை அருகில் உட்கார வைத்துக்கொண்டு எழுதினால் இன்னும் நல்லது. உறையில் உள்ள பெயர் யாருடையது, அவர் என்ன உறவு, அந்தத் தோட்டம் எந்தப் பக்கம் இருந்தது என்பதைச் சொல்ல அவர்களால்தான் முடியும். தபால்தலையின் விலையை எப்போது வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். அந்தப் பெயர்களை அறிந்தவர்களிடம் கேட்பதைத் தள்ளிப்போட முடியாது.